அஞ்சுக்கு ஒண்ணு

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒரு சண்டை. கைபேசி விளையாட்டு தயாரிக்கிற சின்னக் கம்பெனி அது. கோயம்புத்தூரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருக்கிறது. நான் அங்கே கணக்குப் பார்க்கிறேன். விளையாட்டுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் கரண்ட் பில் கட்டுவதோடு சரி. இப்போது ஒரு மாயாஜால விளையாட்டு செய்துகொண்டிருக்கிறார்கள். அதில் மந்திரவாதி கையை நீட்டினால் நெருப்பு உருண்டை பறக்கும். அந்த நெருப்புக்குச் சூடு எங்கிருந்து வருகிறது என்று ஒரு பெண் கேட்டுவிட்டாள். மந்திரமே ஆனாலும் இயற்பியல் விதிக்குக் கட்டுப்பட வேண்டாமா என்பது அவள் கட்சி. விதிக்குக் கட்டுப்பட்டால் அதற்குப் பெயர் மந்திரமா, கேஸ் அடுப்பா என்பது எதிர்க்கட்சி. மத்தியானம் ஆரம்பித்தது டீ வருகிறவரை ஓயவில்லை.

டீக்கடைக்காரர் அன்றைக்கு ஏலக்காயைத் தாராளமாகத் தட்டிப் போட்டிருந்தார். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகுமுன் வாசனை ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்து அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்க சொல்லுங்க. மந்திரத்துக்கு விதி வேணுமா, வேணாமா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் வெடுக்கென்று, "சம்பளத்துக்கு வேலை பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். டம்ளரைக் கழுவுகிற சாக்கில் குழாயடியில் நின்றேன். இந்தக் கேள்வியை நாங்கள் ஒரு காலத்தில், ஒரு பெண் பிழைப்பாளா மாட்டாளா என்று தெரியாமல் கேட்டிருக்கிறோம். அதை இந்தப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்ல? உங்களிடம் சொல்லலாம் போலிருக்கிறது.

டீயில் வருவது காய்ந்த காயின் வாசனை. எனக்குத் தெரிந்தது பச்சைக் காயின் வாசனை. அது விரலில் பிசுபிசுவென்று ஒட்டி, கறுத்து, சோப்புப் போட்டாலும் போகாது. பி.காம். முடித்துவிட்டு, பேங்குப் பரீட்சைகளை வரிசையாக எழுதி, வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்த காலத்தில் நான் எங்கள் ஊர் சிலமலையிலிருந்து தினமும் ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே ஏலக்காட்டுக்குக் காய் எடுக்கப் போனேன். பரீட்சையில் தோற்றவளுக்குச் செடியடியில் குத்த வைத்து உட்காருவது ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. ஆனால் அப்போது எனக்கு அப்படித்தான் இருந்தது. முதல் மாதம் யாரோடும் பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே போய்வந்தேன். பேசாதவளுக்கு ஜீப்பில் டயர் மேல் உள்ள இடம்தான் கிடைக்கும் என்பது தெரிந்த பிறகு பேச ஆரம்பித்தேன்.

ஜீப்பை ஓட்டியவர் தவமணி அண்ணன். ஏறும்போது ஒரு தலையசைப்பு, இறங்கும்போது ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான் அவர் பேச்சு. பின்னால் எதிரெதிராக இரண்டு பலகை. முழங்காலும் முழங்காலும் இடிக்க உட்காருவோம். மடியில் சோற்றுத் தூக்கு, காலடியில் சாக்கு, மழைத்தாள். போடி தாண்டி, முந்தல் தாண்டி, வளைவு வளைவாக ஏறி, உச்சியில் மாநில எல்லையான மெட்டுக்குப் போய், அப்புறம் அந்தப் பக்கம் காட்டுக்குள் இறங்க வேண்டும். போகவும் வரவும் அவ்வளவு நேரம் என்ன செய்வது? அதற்குத்தான் பாண்டி ஒரு விளையாட்டு கொண்டுவந்தாள்.

பாண்டீஸ்வரி என் வயதுக்காரி. பி.எஸ்ஸி. பிசிக்ஸ். மதுரையில் ஹாஸ்டலில் இருந்தபோது கற்றுக்கொண்டதாம். ஆளுக்கு ஒரு வீரனோ மந்திரவாதியோ ஆகிக்கொள்ள வேண்டும். அவள் கதை சொல்லிக்கொண்டே வருவாள். நடுவில் நாம் என்ன செய்கிறோம் என்று கேட்பாள். அது பலிக்குமா என்பதை ஆறு பக்கத் தாயக்கட்டை முடிவு செய்யும். ஓடுகிற ஜீப்பில் கட்டையை உருட்டினால் சீட்டுக்கடியில் போய்விடும் என்று, சத்து மாத்திரை வருகிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் கட்டையைப் போட்டு மூடியிருந்தாள். குலுக்கிவிட்டு அடியில் பார்த்துக்கொள்ள வேண்டியது. ஆறு விழுந்தால் நினைத்தது நடக்கும். ஒன்று விழுந்தால் எல்லாம் போச்சு. நான் வில்லாளி. ஒரு தடவைகூட என் அம்பு எதன் மேலும் பட்டதில்லை.

இந்த விளையாட்டில் உயிரையே வைத்திருந்தவர் செல்லக்கிளி அக்கா. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆகிருதியான ஆள், சிரித்தால் ஜீப்புத் தகரம் அதிரும். மந்திரக்காரிக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு, "வேற பேரு எதுக்குடி? கூப்பிட்டா நான் திரும்பிப் பாக்கணும்ல" என்று செல்லக்கிளியாகவே மந்திரம் போட்டார். பாண்டியோடு அவருக்குத் தினமும் தகராறு.

"நான் முந்தல்லருந்து மெட்டுக்குப் பறந்து போறேன்."

"போங்கக்கா. ஆனா உங்க எடையை அம்புட்டு ஒசரம் தூக்கச் சத்து வேணும். சத்து சோத்துலருந்துதான் வரும். போய் இறங்குனதும் ரெண்டு பானை சோறு திங்கணும்."

"பறக்குறதுக்கும் சோத்துக்கு வழி பாக்கணுமாக்கும்? அதுக்கு நான் இந்த ஜீப்புலயே வர்றேன் போ."

இன்னொரு நாள் கங்காணி கண்ணில் படாமல் மறைந்துபோய் மரத்தடியில் படுத்துக்கொள்ள வேண்டும் என்றார். வெளிச்சம் கண்ணில் பட்டு நின்றால்தான் பார்வை, உடம்பு முழுக்க வெளிச்சம் ஊடுருவிப் போனால் கண்ணும் தெரியாது என்று பாண்டி விளக்கினாள். "கண்ணு தெரியாம அட்டைப்பூச்சிக்குள்ள போய்ப் படுக்கவாடி? நீ மந்திரம் சொல்றியா, பயங்காட்டுறியா?" என்று அக்கா பாட்டிலைப் பிடுங்கி மடியில் ஒளித்துக்கொண்டார். தவமணி அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் இந்த மாதிரிக் கட்டத்தில் ஜீப்பு மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போகும்.

பாண்டி ஏன் அவ்வளவு கறாராக இருந்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது ஒருத்தன் தாயத்தோடு வந்து, ஒன்றும் செய்ய வேண்டாம், தானாகச் சரியாகிவிடும் என்றானாம். வீடே அதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. "சும்மா நடக்கும்னு எவன் சொன்னாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது" என்பாள். அதனால் அவள் உலகத்தில் எதுவும் சும்மா நடக்காது. நெருப்பு வரவழைத்தால் கை விறைத்துப்போகும். மழை வரவழைத்தால் பக்கத்து ஊர்க் கண்மாய் வற்றும்.

எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு அவள் போட்ட விதிதான் அஞ்சுக்கு ஒண்ணு. அது ஸ்டோரிலிருந்து வந்தது. ஸ்டோர் என்றால் காட்டில் காய் உலர்த்துகிற கட்டடம். அஞ்சு கிலோ பச்சைக் காய் உள்ளே போனால், கொஞ்சம் முன்னே பின்னே, ஒரு கிலோ வெளியே வரும். மிச்சம் நாலு எங்கேடி போச்சு, யாரு திருடுனது என்பது காய் எடுக்கிற பெண்களின் ரொம்ப நாளைய கேலி. "நாலும் ஆவியாப் போச்சுக்கா. காணாமப் போகல. மேல எங்கயோதான் இருக்கு" என்பாள் பாண்டி. மந்திரமும் அப்படித்தான். அஞ்சு கொடுத்தால் ஒண்ணு. நாங்கள் எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டோம், செல்லக்கிளி அக்காவைத் தவிர. "மந்திரத்துலயாச்சும் முழுசாக் கிடைக்க வேணாமா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அக்காவுக்கு ஒரே மகள், திவ்யா. தேனியில் காலேஜில் படித்தாள். லீவு நாளில் ஒரு தடவை எங்களோடு காட்டுக்கு வந்தாள். பாட்டிலை வாங்கிக் குலுக்கினாள், ஆறு. மறுபடியும் குலுக்கினாள், ஆறு. அக்கா எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மகள் கலெக்டர் ஆகிவிட்டாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "எம்மகளுக்கு உங்க விதியெல்லாம் கெடையாது தெரியும்ல?" என்றார்.

அந்த ஐப்பசியில் திவ்யாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். அப்புறம் பேச்சு நின்றது, நினைவு தப்பியது. தேனியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். அக்கா சில நாள் வரவில்லை. பிறகு ஒரு விடியலில் தூக்குவாளியோடு வந்து ஜீப்பில் ஏறினார். எங்களுக்குத் திக்கென்றது.

"அவுக அப்பா அங்கன இருக்காரு. உள்ள ஒரு ஆளத்தான் விடுறாக. நான் வெளிய உக்காந்து அந்தக் கதவையே பாத்துக்கிட்டு இருக்கேன். கதவு தொறக்குறப்பல்லாம் எனக்கு உசுரு போய் உசுரு வருதுடி. காட்டுக்குள்ள இருந்தாக் கையாச்சும் ஓடும்" என்றார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அப்போது மெட்டுக்கு அந்தப் பக்கம் கைபேசிக்கு டவர் கிடையாது. மெட்டுக்குக் கீழே முதல் வளைவு வரைக்கும் கிடைக்கும், அதைத் தாண்டினால் செத்துவிடும். சாயங்காலம் திரும்பும்போது அதே வளைவில் உயிர் வரும். டவர் வளைவு என்றே பெயர் வைத்திருந்தோம். அந்த வளைவில் எல்லா போனும் ஒரே நேரத்தில் குய் குய் என்று கத்தும், நாங்கள் சிரிப்போம். திவ்யா படுத்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. காலையில் அங்கே தவமணி அண்ணன் ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்துவார். அக்கா புருஷனுக்குப் போன் போட்டு, "மூச்சு விடுறாளா?" என்று மட்டும் கேட்பார். அப்புறம் பகல் முழுக்க ஒன்றும் தெரியாது. சாயங்காலம் அந்த வளைவு நெருங்க நெருங்க நான் போனைப் பார்க்கப் பயந்து பைக்குள் திணித்துவிடுவேன். பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்? பாட்டிலை யாரும் தொடவில்லை.

அன்றைக்குக் காலையும் வளைவில் நிறுத்தி அக்கா பேசினார். "அப்பிடியேதான் கெடக்காளாம்" என்று சொல்லிப் போனைத் தூக்குப் பைக்குள் ஆழமாகப் போட்டார். ஜீப்பு மெட்டைத் தாண்டியது. கண்ணுக்கு முன்னால் ஒன்றும் தெரியாத மூடுபனி. அக்கா திடீரென்று, "பாண்டி, பாட்டில எடு" என்றார்.

பாண்டி எடுத்தாள்.

"செல்லக்கிளிக்கு ஒரு மக. படுத்துக் கெடக்கா. எந்திரிச்சு உக்கார வைக்கணும். என்ன விலை? சொல்லு."

பாண்டிக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். மெதுவாக, "விலையெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. சும்மாவே எந்திரிக்கட்டும். மந்திரம்தானே" என்றாள்.

"சும்மாவா?" அக்கா போட்ட சத்தத்தில் தவமணி அண்ணன் பிரேக்கை மிதித்துவிட்டார். "இத்தன நாளு பறக்குறதுக்குச் சோறு கேட்ட, மறையுறதுக்குக் கண்ணக் கேட்ட. எம்மகளுக்கு மட்டும் சும்மாவா? சும்மா எந்திரிச்சா அது நெசமில்லடி. சும்மான்னா நான் என்ன செய்ய? கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கவா? விலையச் சொல்லு. விலை இருந்தாத்தானே நான் குடுக்க முடியும்!"

ஜீப்பு நின்றபடி உறுமிக்கொண்டிருந்தது. விதியே வேண்டாம் என்று நாள் தவறாமல் சண்டை போட்டவர் இப்போது விதியைக் கேட்டு மன்றாடுகிறார். விதி போட்டவள் அதைக் கைவிடப் பார்க்கிறாள்.

பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கமாகக் கதை சொல்கிற குரலை வரவழைத்துக்கொண்டு சொன்னாள். "ஒரு உசுர எழுப்ப அஞ்சு பேரோட மொத்தச் சத்து வேணும். குடுத்தவுக திரும்ப ஆட முடியாது. அவுக கதை அதோட முடிஞ்சிரும்."

"செல்லக்கிளிய எடுத்துக்க" என்றார் அக்கா. என் வில்லாளியைக் கொடுத்தேன். இருந்து என்ன செய்தான் அவன்? எதிர்ப் பலகையில் இருந்த பெண்கள் ஆளுக்கு ஆள், "என்னைய எடு", "என்னையும் எடு ஆத்தா" என்றார்கள். அஞ்சுக்கு மேலேயே சேர்ந்துவிட்டது. ஒருத்தரும் கையை இறக்கவில்லை. முன்னாலிருந்து தவமணி அண்ணன், "எனக்கு அதுல ஆளு கெடையாதுல்ல. அதனால என்னையவே எழுதிக்க" என்றார். அவர் எங்களிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

பாண்டி பாட்டிலைக் குலுக்கினாள். இரண்டு கையாலும் பொத்தி, அடியைத் தன் கண்ணுக்கு நேராகத் திருப்பிப் பார்த்தாள். "ஆறுக்கா" என்றாள். "எந்திரிச்சிட்டா. உக்காந்துட்டா. தண்ணி கேக்குறா."

பக்கத்தில் இருந்த எனக்கு அவள் விரலிடுக்கில் கட்டை தெரிந்தது. ஒன்று.

அக்கா தலையைப் பின்னால் சாய்த்து ஒரு பெருமூச்சு விட்டார். அதற்கப்புறம் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அன்றைக்கு அவர் காட்டுக்குள் சிரித்தார். கங்காணியைப் பார்த்து, "என்ன சேட்டா, மூஞ்சி சுண்டிக் கெடக்கு?" என்று வம்பிழுத்தார். மத்தியானம் தூக்கைத் திறந்து மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் சாப்பிட்டதைப் பார்த்து எங்களுக்கும் சோறு இறங்கியது. அது விளையாட்டு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. எங்களுக்கும் தெரியாமல் இல்லை. ஆனாலும் எல்லோரும் எதையோ கொடுத்திருந்தோம், கொடுத்ததற்கு ஒன்று கிடைக்காமல் போகாது என்று அந்தப் பகல் பூராவும் நிஜமாகவே நம்பினோம். சாயங்காலம் ஜீப்பில் ஏறும்போது அக்கா, "அவ டிஸ்சார்ஜ் ஆனதும் ஒருநா காட்டுக்குக் கூட்டிட்டு வர்றேன், உங்களையெல்லாம் பாக்கட்டும்" என்றார்.

டவர் வளைவு வந்தது. எல்லா போனும் கத்தியது. வழக்கமாக ஒன்றிரண்டு தடவை கத்தி நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவே இல்லை. எங்கள் அம்மாவிடமிருந்து எனக்கு அத்தனை அழைப்புகள் வந்திருந்தன. எதிரில் இருந்தவள் தன் போனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, எங்களுக்குச் சொல்ல முயன்றிருக்கிறார்கள். பகலில் ஜீப்பெல்லாம் மலைமேல்தான் நிற்கும், சேதி சொல்ல ஆளனுப்பவும் வழி இல்லை. திவ்யா முற்பகலிலேயே போய்விட்டாள். நாங்கள் பாட்டிலைக் குலுக்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்.

அக்காவின் போன் தூக்குப் பைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதை எடுக்காமல் எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "என்னடி, ஒருத்தரும் பேச மாட்டேங்கிறீக?"

யார் சொல்வது?

அவராகவே தெரிந்துகொண்டார். அழவில்லை. பாண்டியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கடையில் சாமான் வாங்கும்போது கேட்கிற மாதிரி கேட்டார். "பத்தலையா பாண்டி? இன்னும் கேட்டிருந்தாக் குடுத்திருப்பேனேடி. நீ அஞ்சுதானே சொன்ன?"

பாண்டி பாட்டிலை வெளியே எறிந்தாள். பள்ளத்தில் அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

அதோடு விளையாட்டு முடிந்தது. ஆட ஆளும் மிச்சம் இல்லை, எல்லோரையும்தான் கொடுத்துவிட்டோமே. அடுத்த காய்ப் பருவத்தில் எனக்கு இந்த ஊர் வேலை கிடைத்தது. பாண்டி இப்போது திருப்பூரில் டியூஷன் எடுக்கிறாள். எப்போதாவது பேசுவோம். ஒரே ஒரு தடவை அந்தப் பேச்சு வந்தது. "அன்னைக்கு ஒண்ணுன்னே சொல்லிருக்கணும். விதிய நானே மீறிட்டேன்" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சொல்லிருந்தா? அந்த ஒருநாச் சோத்தையும் திங்காம இருந்திருப்பாக" என்று கத்தினேன். அவள் போனை வைத்துவிட்டாள். இரண்டில் எது சரி என்று எனக்கு இன்னமும் தெரியாது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். செல்லக்கிளி அக்கா மலைக்குப் போவதை அப்போதே விட்டுவிட்டார். சிலமலையில் தோட்ட வேலைக்குப் போகிறார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "கறை போயிருச்சே உனக்கு" என்று விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தவமணி அண்ணன் ஜீப்பை விற்றுவிட்டாராம்.

சும்மா இருக்க முடியாமல் பஸ்சில் ஏறி மெட்டு வரைக்கும் போய்வந்தேன். அடையாளம் பிடிபடாமல், டவர் வளைவு எதுவென்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. கண்ணைப் போனிலிருந்து எடுக்காமல், "இங்க எல்லா எடத்துலயும் கெடைக்கும்க்கா. காட்டுக்குள்ளயும் கெடைக்கும்" என்றாள். மூடுபனி அப்படியே இருந்தது. செடிகளும் இருந்தன. ஆனால் முற்பகலில் செத்துப்போன பெண் சாயங்காலம் வரைக்கும் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்க, இப்போது அந்த மலையில் இடம் இல்லை.